பின்பாட்டு

தமிழில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் கச்சேரி மேடையின் பின்வரிசைக்குப் போனால் போதும், சொற்கள் தயாராகக் கிடைக்கும். முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் ஜால்ரா. அடுத்தவன் பேச்சையே திருப்பிப் பேசுகிறவன் ஒத்து ஊதுகிறான். தலைவர் எதைச் சொன்னாலும் தொண்டன் தாளம் போடுகிறான். சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லாதவன் பின்பாட்டு பாடுகிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரை வைத்து இவ்வளவு வசவுகள் நம்மிடம் இல்லை.

நான் ஃபங்க் கிட்டார் வாசிப்பவன். மேலே சொன்ன நான்கையும் மனமறிந்து, காசு வாங்கிக்கொண்டு செய்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபங்க், 1960களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களிடம் உருவான இசை. அதில் மெட்டைவிட அடி முக்கியம். டிரம்ஸ், பாஸ், கிட்டார், சாக்ஸபோன் என்று எல்லாமே தாள வாத்தியமாக நடந்துகொள்ளும். கிட்டார்காரனின் வேலை என்னவென்றால், தகதிமி தகதிமி தகதிமி தகதிமி என்று நான்கு அடிக்குள் இருக்கும் பதினாறு இடங்களிலும் வலது கையை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பது. இடது கை கம்பிகளை அழுத்தாது, சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் ‘சக் சக்’ என்ற உலர்ந்த ஒலிதான் வரும். நான்கைந்து இடங்களில் மட்டும் விரல் அழுத்தும், அங்கே மட்டும் ஸ்வரம் பேசும். அவ்வளவுதான். அதையே ஏழு நிமிடம் வாசிக்க வேண்டும். தனியாகக் கேட்டால் பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கும்.

“இந்தப் பாட்டுல நீ எங்கடா இருக்க?” என்று அம்மா ஒருமுறை செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். நியாயமான கேள்வி.

இளையராஜா பாட்டு வாசிக்கிறவன் வீட்டு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்தும் திருப்தியாக வாசிக்கலாம். ஃபங்க் கிட்டார்காரனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. குழு இல்லையென்றால் அவன் தேங்காய் துருவுகிறவன்தான். எனக்கான குழுவைக் கண்டுபிடிக்கப் பதினோரு வருடம் ஆனது. அதற்காக நான் எங்கும் போகவில்லை. ஸ்ரீரங்கத்துக்கும் பொன்மலைக்கும் நடுவிலேயே, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கிட்டார் பையை மடியில் வைத்துக்கொண்டு அலைந்ததுதான்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் தாளக்காரர். கல்யாண மேளத்தில் இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு சுருதி, ஒரு தாளம். அந்தக் கடைசி ஆள் அவர். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், லால்குடி என்று முகூர்த்த நாட்களில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். வீடியோக்காரர் எடுத்த எந்தக் கல்யாண கேசட்டிலும் அவர் முகம் முழுதாக இருக்காது. தவில்காரரின் தோளுக்குப் பின்னால் இரண்டு கைகள் மட்டும் தெரியும். சம்பளம் பிரிக்கும்போது கடைசிப் பங்கு அவருடையது. ஒத்து ஊதுகிறவரின் இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது. “தாளத்துக்கு ஒரு பெட்டிய வச்சு மேளத்த ஓட்டிக் காட்டச் சொல்லு பாப்பம்” என்பது அப்பாவின் நிரந்தரச் சவால்.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் இரண்டு தவில்காரர்களும் மாறி மாறிக் கணக்குப் பின்னுவார்கள். கேட்கிறவருக்கு அடி எங்கே விழுகிறது என்றே தெரியாமல் போகும். திஸ்ரத்துக்குத் தாவுவார்கள், சமத்தைத் தாண்டிப் போய் எங்கோ நின்று திரும்பி வருவார்கள். அவ்வளவு நேரமும் தாளக்காரர் அசையக்கூடாது. அவர் ஒரு மயிரிழை சாய்ந்தால் அத்தனை கணக்கும் சரிந்துவிடும். இதற்குக் கைதட்டல் கிடையாது. சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்த வேலையின் இலக்கணம்.

ஆந்திராவின் கரவதியில் 1924-இல் பிறந்து, ஸ்ரீரங்கத்துக்கு வந்து இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பை அப்பா இளவயதில் கேட்டிருக்கிறார். எல்லோரும் மௌலானா சாகிபின் ராக ஆலாபனையைச் சொல்வார்கள். அப்பா மட்டும் அன்றைக்குத் தாளம் போட்டவரின் மணிக்கட்டைச் சொல்வார். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து வந்தால் அவருக்கு இன்னொரு பெருமை. அரையர் சேவையில் குல்லாய் வைத்துக்கொண்டு பாசுரம் பாடி அபிநயம் பிடிக்கிற அரையரின் கையிலேயே தாளம் இருக்கும். “பாரு, பெருமாள் முன்னாடி நிக்கிறவரே தாளத்தக் கையில வச்சிருக்காரு. அங்க அது ஜால்ரா இல்ல.”

எனக்குக் கிட்டார் வந்தது பொன்மலை வழியாக. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது, கூடவே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அவர்களுடைய கிட்டார்களும் வந்தன. திருச்சியில் கர்நாடக சங்கீதத்துக்கு ஆற்றின் வடகரை என்றால், கிட்டாருக்கு ரயில் தண்டவாளத்தின் ஓரம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அங்கிள். ஜிம் ரீவ்ஸ் பாட்டுகளைத் தவிர வேறு எதையும் அவர் இசையென்று ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் என் இடது கைக்கு அவர் வேலையே கொடுக்கவில்லை. கம்பிகளுக்கடியில் ஒரு கைக்குட்டையைச் செருகிவிட்டு, வலது கையை மட்டும் ஓட்டச் சொன்னார். “கை நிக்கக் கூடாது மேன். சத்தம் வருதோ இல்லியோ, ரயில் மாதிரி போய்க்கிட்டே இருக்கணும்.” ஃபங்க் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை.

முதல் குழு ஒரு மெல்லிசைக் குழு. சமயபுரம், மண்ணச்சநல்லூர், லால்குடி பக்கத்துத் திருவிழாக்கள். திருச்சியில் கிட்டாரோடு மேடையேறுகிற எவனுக்கும் ஒரு விண்ணப்பம் நிச்சயம் வரும், ‘இளைய நிலா’ வாசி என்று. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார் இந்த மாநிலத்தின் அத்தனை கிட்டார்காரர்களுக்கும் நுழைவுத் தேர்வு. நானும் தேர்ச்சி பெற்றேன். ஆனால் அதே சந்திரசேகரும் அவர் சகோதரரான டிரம்மர் புருஷோத்தமனும் சசிதரனின் பாஸோடு சேர்ந்து ராஜாவின் பாட்டுகளுக்குப் பின்னால் போட்ட அடிதான் என் காதில் நின்றது. பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் லேசாக ஒரு ‘சக்’ கேட்கும். அதை வாசி என்று எந்தத் திருவிழாவிலும் யாரும் சீட்டு எழுதி அனுப்பியதில்லை. எங்கள் குழுவில் அதற்கு இடமும் இல்லை. கீபோர்டும் ரிதம் பேடும் எல்லா இடத்தையும் நிரப்பிவிடும். நான் ஒரு ஸ்வரம் வைக்கப் போனால் அங்கே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, கல்லூரி நண்பர்களின் மெட்டல் குழு. என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர் போன்ற விழாக்களுக்குப் போட்டியிட ஒவ்வொரு கல்லூரியிலும் அப்படியொன்று இருந்தது. இரண்டு கிட்டார், இரண்டுமே முழுச் சத்தத்தில். நல்ல பையன்கள். இன்றும் நண்பர்கள். அவர்கள் வாசிப்பது மதில் கட்டுகிற மாதிரி. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் காற்றுப் போகக்கூடாது. எனக்கோ அந்தக் காற்றுதான் வேண்டியிருந்தது. மூன்றாவது ஒரு ஃப்யூஷன் குழு, ரிசப்ஷன்களுக்கு. வயலின் எட்டு ஆவர்த்தம், புல்லாங்குழல் எட்டு ஆவர்த்தம், கீபோர்டு எட்டு, நான் எட்டு என்று ரேஷன் கடை வரிசைபோல ஆளாளுக்குத் தனி வாசிப்பு. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் செல்போன் பார்ப்பார்கள்.

இந்தக் காலத்தில்தான் ஜிம்மி நோலனைக் கேட்டேன். ஜேம்ஸ் பிரவுனின் கிட்டார்காரர். 1934-இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். டி-போன் வாக்கரைக் கேட்டு கிட்டார் பக்கம் வந்தவர், ஜானி ஓடிஸின் குழுவில் வாசித்தவர், ப்ளூஸில் தனியாகப் பேசத் தெரிந்தவர். அவர் ஜேம்ஸ் பிரவுனிடம் போய்ச் சேர்ந்தது 1965-இல், முப்பது வயதில். அந்த வருடம் வந்த ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பாட்டில் அவர் வாசித்ததைத்தான் ‘சிக்கன் ஸ்கிராட்ச்’ என்கிறார்கள். கோழி குப்பையைக் கிளறுகிற ஒலி. அதற்குமுன் பதினைந்து வருடம் அவர் கற்ற எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு, ஒரே கார்டைத் துண்டு துண்டாக நறுக்கித் தருகிற வேலையை ஏற்றுக்கொண்டார். உலகத்தில் இன்றைக்கு ஃபங்க் கிட்டார் வாசிக்கிற ஒவ்வொரு வலது கையும் அவருடைய கையின் பேரப்பிள்ளைதான்.

அந்தக் குழு அன்பான குடும்பமெல்லாம் இல்லை. மேடையில் தவறு செய்தால் ஜேம்ஸ் பிரவுன் அபராதம் போடுவார். 1970-இல் சம்பளத் தகராறில் கிட்டத்தட்ட மொத்தக் குழுவும் வெளியேறியது. நோலனும் போனார். 1972-இல் திரும்பி வந்தார். 1983 டிசம்பரில் இறக்கும்வரை அங்கேயே வாசித்தார். ஏன் திரும்பி வந்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். சோறு ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய அந்த ‘சக்’ ஒலிக்குச் சரியான அளவில் பள்ளம் வெட்டி வைத்திருந்த குழு அதைவிட்டால் எங்கேயிருந்தது? குணத்தைப் பார்த்துக் குழு சேர்வதும், ரசனையைப் பார்த்துச் சேர்வதும் நட்புக்குச் சரி. பின்வரிசைக்காரன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். இவர்கள் எனக்கு விட்டுவைத்திருக்கும் இடம் எவ்வளவு, நான் நிறுத்தினால் இவர்களுக்குத் தெரியுமா?

எனக்கு அது தெரிந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பொன்மலைப்பட்டியில் ஒரு மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, சுவரெல்லாம் முட்டை அட்டை. பாஸ் வாசிக்கிறவன் பாலக்கரைப் பையன். ஞாயிறு காலை சர்ச் கொயரில் வாசித்துவிட்டு நேராக வந்திருந்தான், வெள்ளைச் சட்டையோடு. மற்ற நாட்களில் திருவெறும்பூரில் வெல்டர். டிரம்ஸ், உறையூரிலிருந்து ஒரு பெண், பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டே இரண்டு ஸ்வரங்களை வைத்து ஆரம்பித்தான். ஒன்று, சமத்தில் நங்கூரம் மாதிரி. இன்னொன்று, எங்கோ தள்ளி, வருமா வராதா என்று காக்க வைத்து. நடுவில் ஒன்றுமே இல்லை. பத்து நிமிடம் அதையே வாசித்தான். இவன் கற்றுக்கொண்டதே இவ்வளவுதானா என்று நினைக்கும்போது, கடைசி அரை நிமிடத்தில் வேகமாக ஒரு வரிசை வாசித்துக் காட்டினான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவும் தெரிந்தவன் இரண்டு ஸ்வரத்தோடு உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்தக் காலியிடத்தை யாருக்கோ வைத்திருக்கிறான் என்று பொருள்.

நான் நடுவில் கம்பி சரிசெய்ய நிறுத்தினேன். டிரம்ஸிலிருந்து குரல் வந்தது: “அண்ணா, நிறுத்தாதீங்க. ஹை-ஹாட் அநாதையாயிடுச்சு.”

பதினோரு வருடத்தில் நான் நிறுத்தியதை ஒருவர் கவனித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு பாடகர் சேர்ந்தார். மூன்று வருடமாக வாசிக்கிறோம். குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. போஸ்டரில் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டவர்கள் அவர்களுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்வார்கள். தில்லைநகரில் ஒரு காபி கடை, ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா, இரண்டு கல்லூரிகள். ஆளுக்கு ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ. பகலில் நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறேன்.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. மேடை நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு பெரிய குழு. நிரந்தர இடம், மாதச் சம்பளம், என் ஆபீஸ் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு. லீட் கிட்டார். முன்னால் நின்று வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தத் தொகை மட்டும்தான் காதில் விழுந்தது, அதில் தப்பும் இல்லை. வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. “அங்க போனா பாட்டுல நீ எங்க இருக்கேன்னாவது எனக்குத் தெரியும்ல” என்றாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, கேட்காமலேயே, என்னோடு பொன்மலைப்பட்டிக்கு வந்தார். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் பாட்டு முழுக்கக் கண்ணை மூடியிருந்தார். வலது கைவிரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இரண்டாவது பாட்டில் போடுவதை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டையே பார்த்தார். முடிந்ததும் பேசினார், ஒரு மேளக்காரர் இன்னொரு மேளக்காரரிடம் பேசுகிற தொனியில்.

“பாப்பாவுக்குக் காலப்பிரமாணம் நல்லா நிக்குது. நீ ரெண்டாவது அடிக்கு ஒரு நூல் முந்துற.”

“ஆமாப்பா.”

“தெரிஞ்சுதான் முந்துறியா?”

“தெரிஞ்சுதான். அவன் ஒரு நூல் பிந்துறான்ல, அதுக்காக.”

பாஸ் பையனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரித்தான். “அப்ப சரி,” என்றார். “அந்தப் பொண்ணு நடுவுல நிக்கிறவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா பண்ணலாம்.” ஃபங்கைப் பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில், வண்டியின் பின்னாலிருந்து, “சென்னையில ஒன்னயப் பாத்து முந்தவும் பிந்தவும் ஆளு இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நான் போகவில்லை. அம்மா இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. கடன் அதே ஆறு வருடம்.

இப்படி முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இந்த ஆவணியில் பாஸ் பையனுக்குக் கத்தார் விசா வந்துவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம், வெல்டிங் வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது கழுத்தை நெரிக்கிறது. “அண்ணே, ரெண்டே வருசம்” என்றான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவனை சத்திரம் பேருந்து நிலையத்தில் வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பாஸ் கிட்டாரை டிரம்மர் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த வாரம் நைல் ராட்ஜர்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன். ‘ஷீக்’ குழுவின் கிட்டார்காரர், நோலனுக்குப் பிறகு இந்தக் கைவேலையை உலகமெங்கும் கொண்டுபோனவர். ஜாஸ் படித்தவர் அவர். 1970-இல் பாஸ் வாசிக்கும் பெர்னார்ட் எட்வர்ட்ஸைச் சந்தித்த பிறகுதான் அவர் கை இன்றைக்கு நாம் கேட்கிற கையானது. பெரிய ஜாஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறியதும் எட்வர்ட்ஸின் தூண்டுதலால்தான். 1996 ஏப்ரலில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் எட்வர்ட்ஸ் காய்ச்சலோடு வாசித்தார். அன்றிரவே ஓட்டல் அறையில் நிமோனியாவால் இறந்துபோனார். நைல் நொறுங்கிப்போனார், ஆனால் நிறுத்தவில்லை. இன்றும் ஷீக் என்ற பெயரில் மேடையேறுகிறார், பாஸ் வாசிக்க வேறொருவரோடு. என் பையன் கத்தாரில் உயிரோடு இருக்கிறான், வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் வருகிறான். நான் இதற்குமேல் அலுத்துக்கொள்ளக் கூடாது.

அவன் வாசித்ததை முன்பே பதிவு செய்து வைத்திருந்தோம். அதை ஓடவிட்டு வாசிக்கலாமே என்று பாடகர் சொன்னார். முயன்று பார்த்தோம். ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை, ஆனாலும் பொருந்தவில்லை. நான் முந்தினாலும் அது அதே இடத்தில் பிந்தியது. நான் நிறுத்தினாலும் அதற்குத் தெரியவில்லை. அப்பாவின் சவாலில் பெட்டி தோற்றுவிட்டது என்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

இப்போது புதிதாக ஒரு பையன் வருகிறான். எடமலைப்பட்டிப்புதூர், பத்தொன்பது வயது. விரல்கள் அபாரமாக ஓடுகின்றன. யூடியூபில் பார்த்த எல்லாவற்றையும் ஒரே பாட்டில் வாசித்துவிடுகிறான். போன ஞாயிறு, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“தம்பி, நல்லா இருக்கு. இதுல பாதிய எடுத்துரு.”

அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்தப் பாதிண்ணே?”

வாசிச்சுப் பாப்போம் என்றேன். வலது கையை ஓட்ட ஆரம்பித்தேன்.